நடுவிலே ஓர் ஆள்

"சட்டைக் கை வெட்டினது ரொம்ப அழகா வந்திருக்குன்னு மாஸ்டர்கிட்ட சொல்லு தம்பி" என்றாள் தையல் பகுதி மேற்பார்வைக்காரி, பிரெஞ்சில்.

மொழிபெயர்ப்பாளன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கட்டிங் மாஸ்டர் பக்கம் திரும்பினான். இங்கிலீஷில் சொன்னான்: "கையைக் கோணலா வெட்டியிருக்கீங்களாம் சார். தைக்கிறவங்க தலையில அடிச்சுக்கிறாங்களாம்."

மாஸ்டர் மீசையைத் தடவுகிற சாக்கில் வாயை மூடிக்கொண்டார். பிறகு கத்தரிக்கோலை மேசைமேல் டமாலென்று போட்டார்.

"அப்படியா? முதல்ல அந்தம்மாவைக் கண்ணாடி மாத்தச் சொல்லு!"

இதை மட்டும் ஓர் எழுத்து பிசகாமல் பிரெஞ்சில் சொன்னான். அவள் மூக்கை விடைத்துக்கொண்டு போனாள். அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. சிண்டு முடிந்தாயிற்று, இன்றைய பிழைப்பு ஓடிவிடும்.

அவனொன்றும் கெட்டவன் இல்லை. மாஸ்டருக்குப் பிரெஞ்சு தெரியாது, அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. முன்பு ஒரு தடவை இருவரும் ஜாடையிலேயே பேசிக்கொண்டதில், ஒரு பெரிய ஆர்டர் முழுக்க இடது கையாகவே வெட்டுப்பட்டுப் போனது. அதன் பிறகுதான் முதலாளி இவனைச் சம்பளத்துக்கு வைத்தார்.

போன மாதம் அதே முதலாளி இவனைக் கூப்பிட்டு ஒரு கேள்வி போட்டார்.

"இத்தனை வருஷமா ஒண்ணா வேலை பார்க்கிறாங்க. இந்நேரம் அவங்களே பேசப் பழகியிருப்பாங்களே? அப்புறம் நீ எதுக்கு?"

"ஐயோ, நீங்க வேற சார்! எலியும் பூனையுமா இருக்காங்க. ஒருநாள் நான் வரலைன்னா வெட்டுக்குத்துதான்."

சொல்லிவிட்டான். சொன்னதை நிஜமாக்கவும் வேண்டுமே! வீட்டில் மனைவி நிறைமாதம். இந்த வேலை போனால் வேறு யார் கூப்பிட்டுக் கொடுக்கப்போகிறார்கள்?

ஆனால் கொஞ்ச நாளாக அவனுக்கு உள்ளுக்குள் ஏதோ குறுகுறுத்தது. அவன் வெளியே போனால் வெட்டும் அறையில் சிரிப்புச் சத்தம். திரும்பி வந்தால் கப்சிப். மேற்பார்வைக்காரி பொத்தான்களைப் பொறுக்குவாள், மாஸ்டர் சாக்கட்டியைத் தேடுவார். நேற்று மாஸ்டர் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு காப்பிக் கோப்பைகள் இருந்தன.

போதாததற்கு இருவரும் தனித்தனியாக அவனைக் குடைந்தார்கள். "வீட்டுக்காரி எப்படி இருக்கா? டாக்டர் என்ன தேதி சொன்னாரு?" இவர்களுக்கு எதற்கு என் வீட்டுக் கதை? சமயம் பார்த்துக் காலை வாரத்தானே?

"எனக்குத் தெரியாம என்னவோ நடக்குது" என்று மனைவியிடம் புலம்பினான்.

"உங்களுக்கு யார்மேலதான் சந்தேகம் இல்ல? பேசாம தூங்குங்க."

தூக்கம் எங்கே வரும்? மறுநாள் தேநீர் இடைவேளையில் கீழே போவதுபோலப் போய், பாதிப் படியிலேயே திரும்பினான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். பூனை மாதிரி நடந்து, வெட்டும் அறை வாசலில் அடுக்கியிருந்த துணி உருளைகளுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு காதைத் தீட்டினான்.

உள்ளே மாஸ்டர் பேசிக்கொண்டிருந்தார். தட்டுத் தடங்கலில்லாத பிரெஞ்சு!

அவன் செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டான். போச்சு, பிழைப்பில் மண் விழுந்தது. இத்தனை நாளும் அவன் கட்டிய கதைகள் எல்லாம் இந்த மனுஷனுக்குப் புரிந்திருக்கிறது!

"நேத்து நான் கை அழகா இருக்குன்னேன். அவன் கோணல்னு சொன்னப்ப, உங்களைப் பார்க்காம இருக்க என்ன பாடுபட்டேன் தெரியுமா?" என்று அவள் பதில் சொன்னாள், சுத்தமான இங்கிலீஷில்.

"சிரிச்சது போதும்மா. நம்ம ஆளு வர்ற நேரமாச்சு, முகத்தை உர்ருன்னு வச்சுக்க" என்றார் மாஸ்டர். "நாம ரெண்டு பேரும் பேசிக்கிறது முதலாளி காதுக்குப் போனா, பிள்ளை பொறக்கிற நேரத்துல அந்தப் பையன் நடுத்தெருவுலல்ல நிப்பான்?"