கடிக்காத வாரம்

"பூஜ்யம்! இங்கேயும் பூஜ்யம்! அட, கடிக்கிறதுலகூட பூஜ்யம்!"

பேராசிரியர் இரண்டு தாள்களையும் மேஜையில் பக்கம் பக்கமாகப் பரப்பி, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார். அடித்தல், தள்ளுதல், கடித்தல், முடியைப் பிடித்து இழுத்தல் என்று நான்கு பத்திகள். திங்கள் முதல் வெள்ளி வரை எதிலும் ஒரு கோடுகூட விழவில்லை.

மழலைப் பள்ளியின் விளையாட்டுத் திடலை அந்த ஐந்து நாளும் கண்காணித்துவிட்டு வந்த உதவி ஆய்வாளர்கள் இருவரும் எதிரே நின்றார்கள். உளவியல் துறையில் ஒருத்திக்குக் 'கண்ணாடி' என்று பெயர், மற்றவனுக்கு 'நெட்டை'.

"ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு எழுதலையே?"

"இல்ல சார். அவன் அந்த மூலை, நான் இந்த மூலை. ஆனா சார்..."

"ஆனாவும் கிடையாது, ஆவன்னாவும் கிடையாது! கண்ணால பார்த்ததைக் குறிக்கிறது உன் வேலை. அர்த்தம் சொல்றது என் வேலை. நடுவுல உன் கருத்து கலந்தா தரவு கெட்டுப்போயிடும்." அவர் பார்வை அவள் சட்டைக் கையில் வந்து நின்றது. "அதென்ன பச்சைப் பெயிண்ட்? திங்கட்கிழமை குழு முன்னாடி நிக்கப்போற ஆளு இப்படியா வர்றது?"

"பெஞ்சுல உட்கார்ந்தேன், ஒட்டிக்கிச்சு சார். அங்கே..."

"போ, போய்த் துவைச்சுப் போடு."

கண்ணாடி சட்டைக் கையை மடித்துப் பச்சையை மறைத்துக்கொண்டாள்.

கோபம் வந்தால் கன்னத்தில் கை வைத்துப் புன்னகை செய்ய வேண்டும். இதுதான் பேராசிரியர் கண்டுபிடித்த முறை. அதற்குத் தன் பெயரையே வைத்துவிட்டார், வேறு யாரும் வைக்கப்போவதில்லை என்பதால். போன வாரம் அதே பள்ளிக்குப் போய்ப் பயிற்சி கொடுத்தபோது ஒரு வாண்டு கன்னத்துக்குப் பதிலாக அவர் விரலைப் பிடித்துக் கடித்துவிட்டது. விரலில் போட்ட துணிக்கட்டை அவர் இன்னும் அவிழ்க்கவில்லை. பயிற்சிக்கு முந்தைய நிலைக்கு அதுதான் சான்றாம்.

புள்ளியியல் ஆசிரியர் எட்டிப் பார்த்தார். பேராசிரியருடைய மனைவியின் தம்பி. சிபாரிசு செய்து துறைக்குள் கொண்டுவந்ததற்காகப் பேராசிரியர் தினமும் வருந்தும் ஆள்.

"அத்தான், ரெண்டு பேர் கணக்கும் ஒத்துப்போனா அது நம்பகத்தன்மை. சரி. ஆனா நாம அளக்க நினைச்சதைத்தான் அளந்தோமா? ஏற்புடைமைன்னு ஒண்ணு இருக்கே. நின்னுபோன ரெண்டு கடிகாரமும்கூட ஒத்துப்போகும்."

"மாப்பிள்ளை, நீ அரை டிராயர் போட்ட காலத்திலேயே இதை நான் பாடமா நடத்தினவன்."

"கட்டுப்பாட்டுக் குழுவும் இல்லையே? பயிற்சி கொடுக்காத பிள்ளைங்க எப்படி இருந்தாங்கன்னு பார்க்க வேணாமா?"

"இவ்வளவு நல்ல முறையைப் பாதிப் பிள்ளைங்களுக்குக் கொடுக்காம பட்டினி போடச் சொல்றியா? உங்க அக்காவோட வயித்தெரிச்சல் அப்படியே உனக்கும் வந்திருக்குடா!"

திங்கட்கிழமை, முறைக்கு அனுமதி தரும் குழு கூடியது. தலைவி தலையாட்டிவிட்டால் ஊரிலுள்ள பள்ளிகள் அத்தனையிலும் இந்த முறைதான், அதற்காகத் தொடங்கப்போகும் புதிய நிறுவனத்துக்குப் பேராசிரியர்தான் இயக்குநர். பெயர்ப்பலகை பைக்குள் தயாராக இருந்தது, மாட்டுவதற்கு நாலு திருகாணியோடு.

பேராசிரியர் பேசினார், பேசினார், தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் பேசினார். உளவியல் வரலாற்றில் இத்தனை சுத்தமான பூஜ்யத்தை எவரும் கண்டதில்லை என்று கட்டுப்போட்ட விரலை உயர்த்தி முடித்தார்.

தலைவி மோவாயைத் தடவினார். "நாலு வயசுப் பசங்க, ஒரு வாரம் பூரா ஒருத்தரை ஒருத்தர் கிள்ளக்கூட இல்லையா? எங்க வீட்டுல இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. அது நிலைக்கண்ணாடியில தெரியிற பையனோடவே சண்டைக்குப் போகுது."

"கிள்ளுதலுக்குப் பத்தி இல்லை மேடம், இருந்திருந்தா அதுவும் பூஜ்யம்தான்," என்றார் பேராசிரியர். "சந்தேகம்னா பார்த்தவங்களையே கேளுங்க."

தலைவி கண்ணாடியின் பக்கம் திரும்பினார். "அடிச்சுக்கலை, தள்ளிக்கலை. அப்போ பசங்க என்னதாம்மா பண்ணிக்கிட்டிருந்தாங்க?"

கண்ணாடி பேராசிரியரின் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் நெட்டை தரையைப் பார்த்தான்.

பேராசிரியருக்கு அன்று மனம் பெரிதாகியிருந்தது. "சொல்லும்மா, பயப்படாதே! இன்னிக்கு உன் கருத்தையும் சேர்த்தே சொல்லலாம்."

"பெயிண்ட் காயட்டும்னு அந்த வாரம் பள்ளிக்கூடத்துக்கே லீவு மேடம்."