நாலு டிகிரியில் ஓர் உயிர்

"கதவைச் சாத்துங்க! உள்ளே ஒரு உயிர் கிடக்கு, தெரியுமில்ல?"

கதகிரி போட்ட சத்தத்தில், அறை மாறி நுழைந்த மலையேறி பதறிப் பின்வாங்கினார். "மன்னிச்சுக்குங்க. குளிர்காத்து பட்டுடுச்சா?"

"கூடத்து அடுப்புச் சூடு பட்டுடுச்சு. அதுதான் பயமே."

வந்தவர் விழித்தார். வருஷா வருஷம் வரும் அவருடைய கூட்டாளி சிரித்தார். "யமானேடா. நம்ம ஜப்பான் மலைக்காட்டுப் பிராணி, சுண்டெலி மாதிரி இருக்கும். அலமாரி மெத்தைக்குள்ள சுருண்டுக்கிட்டு குளிர்காலம் பூரா தூங்கும். என்ன கதகிரி சான், உள்ளே தூங்கற உங்க 'மாமியார்' இன்னும் எந்திரிக்கலையா?"

கதகிரிக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரில் வெப்பமானி பன்னிரண்டு காட்டியது. ஏப்ரல் கடைசி. ஒரு வாரமாக இதே பன்னிரண்டு. குளிர்காலப் பழக்கத்தில் கத்திவிட்டாரே தவிர, இந்தச் சூட்டுக்கு அது இந்நேரம் விழித்திருக்க வேண்டும். அலமாரிக்குள் சின்ன அசைவுகூட இல்லை.

நவம்பரில், இறந்த மனைவியின் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள், தனியாக இந்த மலை விடுதிக்கு வந்தார் அவர். விடுதிக்காரம்மா சுமியே அவர் பையை வாங்கித் தூக்கிப் பார்த்தார். "மலைக்கு வர்றவர் பை இவ்வளவு லேசாவா இருக்கும்?"

கதகிரி பையைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார். அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்த சுமியே, "எனக்கு ஒரு உதவி செய்வீங்களா?" என்று கேட்டு, இந்த அறையைக் காட்டினார்.

"இது நாலு டிகிரியிலேயே இருக்கணும். சூடு ஏறினா அலமாரிக்குள்ள தூங்கற யமானே முழிச்சுக்கும். முழிச்சா சேர்த்து வெச்ச கொழுப்பெல்லாம் கரைஞ்சிடும், வெளியே திங்க ஒரு பூச்சி கிடைக்காது. ரொம்பக் குளிர்ந்தாலும் உறையாம இருக்கறதுக்கே கொழுப்பை எரிச்சுத் தீத்துடும். மெத்தையை மட்டும் தொடாதீங்க. உங்க கைச்சூடே அதுக்கு ஜாஸ்தி."

ஒரே ஒரு ராத்திரிதானே என்று தலையாட்டியவர், ஐந்து மாதம் தங்கிவிட்டார்.

ஜனவரியில் பலகைச் சுவர் விரிசல்களில் கம்பளியைத் திணித்தார். பிப்ரவரியில் திடீரென்று சூடான தெற்குக் காற்று வீச, ஜன்னலுக்கு வெளியே கை மரத்துப்போகும்வரை பனியை வாரிக் குவித்தார். அலமாரியில் காதை வைத்துக் கேட்பார். ஒன்றும் கேட்காது. "இந்தக் குளிர்ல பத்து நிமிஷத்துக்கு ஒரு மூச்சு விட்டாலே பெரிசு" என்பார் சுமியே.

மனைவி விஷயத்தில் தோற்றாயிற்று. இதையாவது பிழைக்க வைத்துவிட வேண்டும். அந்த நினைப்பில்தான் தினமும் எழுந்தார்.

மலையேறிகள் கிளம்பிப் போனதும், ஆப்பிளைப் பொடிப்பொடியாக நறுக்கி ஒரு தட்டில் வைத்தார். "இன்னிக்குத் திறந்து பாத்துடறேன்."

"வேண்டாம், கதகிரி சான்." சுமியே ஓடி வந்தார்.

அதற்குள் கதகிரி அலமாரியைத் திறந்துவிட்டார். ஒவ்வொரு மெத்தையாக எடுத்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பிரித்தார். பஞ்சு கலையவில்லை. ஒரு மயிரிழை இல்லை. புழுக்கை இல்லை.

"செத்தா எலும்பாவது இருக்குமே..." அவர் மெத்தையை மறுபடி உதறினார். "எந்த நாள் கோட்டை விட்டேன்? சொல்லுங்க, எந்த நாள்?"

"நீங்க ஒரு நாளும் தவற விடலை."

"அப்புறம் அது எங்கே?"

"இருந்தாத்தானே?"

கதகிரி தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வெறும் மெத்தைக்கா? அஞ்சு மாசம் வெறும் மெத்தைக்கா காவல் இருந்தேன்? நல்லா ஏமாத்துனீங்கம்மா. உங்களுக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்?"

"நீங்க உயிரோட திரும்பி இறங்கறதுக்கு வரலை. பாத்ததுமே தெரிஞ்சுது."

அவர் மறுக்கவில்லை. மெத்தையைக் கீழே விட்டார். "அப்படி என் முகத்துல எழுதியா ஒட்டியிருந்துச்சு?"

சுமியே கலைந்து கிடந்த மெத்தையை வாரி எடுத்து, மார்போடு சேர்த்துக்கொண்டார்.

"நீங்க வர்றதுக்கு முந்தின வருஷம் இதே முகத்தோட என் பையன் வந்து, இந்த அறையிலதான் படுத்தான். களைச்சு வந்திருக்கான், தூங்கட்டும்னு விட்டுட்டேன். அப்புறம் அவன் எந்திரிக்கவே இல்லை."