அஞ்சாங்கிளாஸ் மாமா

"அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நீ போய்த்தான் ஆகணுமா மாப்ளே?"

மாமா இதைக் கேட்பது மூன்றாவது தடவை.

மாமா மரக்கடையில் கணக்கெழுதுகிறவர். கடையில் அவருக்குக் 'கால்குலேட்டர்' என்று பெயர். எங்கள் வீட்டில் 'அஞ்சாங்கிளாஸ்'. அந்த வகுப்பின் மேல் அவருக்கு அப்படியொரு பற்று. மூன்று வருடம் அதை விட்டு நகரவில்லை. இரண்டு பெயரும் ஒரே ஆளுக்கு எப்படிப் பொருந்தும் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் சிரிப்பு கெட்டுவிடும்.

"அம்மா சொல்லிட்டாங்க மாமா. ரிட்டையர்மென்ட் விழாவுல அவங்க சின்ன வயசுக் கதையைத் திரையில காட்டணுமாம். பழைய மார்க் ரிஜிஸ்தரைப் படம் எடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"அவ மார்க்கைக் காட்டு. நல்லாப் படிச்சவ. என்னுது எதுக்கு?"

"நீங்க ஃபெயிலான ரெண்டு வருஷமும் கண்டிப்பா வேணுமாம். அப்பத்தான் அவங்க மார்க் எடுப்பாத் தெரியும்னாங்க."

மாமா குரலைத் தாழ்த்தினார்.

"உனக்கு நல்ல வாட்ச் ஒண்ணு வாங்கித் தரேன். ரிஜிஸ்தர் கிடைக்கலைன்னு சொல்லிடு."

அறுபதைத் தாண்டிய மனிதர், அஞ்சாங்கிளாஸ் மார்க்கை மறைக்க லஞ்சம் கொடுக்கிறார்!

அம்மாவிடம் சொன்னேன். சிரித்த சிரிப்பில் அம்மாவுக்குப் புரையேறியது.

"பயந்துட்டான் பாரு! ஊரெல்லாம் கூட்டிக் கழிச்சுச் சொல்றவன் குட்டு உடைஞ்சிடும்ல? நீ கட்டாயம் எடுத்துட்டு வரணும்டா."

பள்ளிக்கூடத்தில் கிளார்க் என்னை ஒரு தடவை பார்த்தார். என் மனுவை ஒரு தடவை பார்த்தார். பிறகு டீ குடிக்கப் போய்விட்டார்.

திரும்பி வந்து கேட்டார். "யாரோட ரிக்கார்டு?"

"எங்கம்மாவோடதும் மாமாவோடதும்."

"அண்ணன் தங்கச்சியா? என்ன, சொத்துத் தகராறா?"

"இல்லைங்க, பாராட்டு விழா."

நம்பாமல்தான் அலமாரியைத் திறந்தார்.

மூன்று ரிஜிஸ்தர்கள், மூன்று தும்மல்கள். மாமாவின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'தேர்ச்சி இல்லை'. அடுத்த வருடமும் அதே சிவப்பு மை. எட்டிப் பார்த்த கிளார்க் துக்கம் விசாரிக்கிற மாதிரி உச்சுக் கொட்டினார். எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் உட்கார்ந்து, திரையில் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கும்போதுதான் சிவப்பு மைக்கு முன்னால் இருந்த கட்டங்களைப் படித்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இதைக் காட்டினால் யாருக்கும் சிரிப்பு வராது என்பது மட்டும் புரிந்தது.

"அண்ணனோடது எங்கேடா?"

"அந்த ரெண்டு பக்கமும் போச்சும்மா. கரையான்."

"கொடுத்து வெச்சவன்! கரையான்கூட அவன் கட்சி."

விழா அம்மா வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் கூட்ட அறையில் நடந்தது. பெரிய டாக்டர் அம்மாவின் சேவையை உருகி உருகிப் பாராட்டினார். பெயரை மட்டும் தப்பாகச் சொன்னார். பிறகு அம்மா மைக்கைப் பிடித்தார்.

"ஆறாங்கிளாஸ் அடுத்த ஊர்லதான். பொண்ணை அவ்வளவு தூரம் தனியா அனுப்ப முடியாது, அஞ்சோட போதும்னுட்டார் எங்கப்பா. எங்கண்ணன் எனக்கு ரெண்டு கிளாஸ் மேல. முன்னாடியே போயிருக்க வேண்டியவன், நல்ல வேளையா ரெண்டு தடவை கோட்டடிச்சு என் கிளாஸுக்கே வந்து சேர்ந்தான். துணைக்கு ஆள் கிடைச்சுதுன்னு என்னையும் அனுப்பினாங்க. இன்னிக்கு நான் தலைமை நர்ஸா ரிட்டையர் ஆகறேன்னா, அவன் மக்குத்தனம்தான் காரணம். அவனுக்கு எல்லாரும் கை தட்டுங்க!"

அறை அதிர்ந்தது. மாமா எழுந்து நின்று, பரிசு வாங்குகிறவர் மாதிரி தலையைக் குனிந்து கைதட்டலை வாங்கிக்கொண்டார். எல்லாரையும் விட உரக்கச் சிரித்தவரும் அவர்தான்.

அவர் உட்கார்ந்ததும் காதோரம் சொன்னேன்.

"ரிஜிஸ்தரைப் பார்த்தேன் மாமா. கரையான்லாம் இல்லை. மத்த எல்லாப் பாடத்துலயும் நீங்கதான் முதல். கணக்குப் பரீட்சை மட்டும் ரெண்டு வருஷமும் எழுதவே இல்லை. அம்மா அஞ்சாங்கிளாஸ் வந்த வருஷம் கணக்குல நூத்துக்கு நூறு."

"காய்ச்சல் மாப்ளே."

"ரெண்டு வருஷமும், கணக்குப் பரீட்சை அன்னிக்கு மட்டுமா?"

"முதல் வருஷம் நெஜக் காய்ச்சல்தான்."

"அடுத்த வருஷம்?"

மேடையில் அம்மா டாக்டரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். மாமா அந்தப் பக்கமே பார்த்தார்.

"உங்கம்மாவை அஞ்சோட நிறுத்தப் போறதா வீட்டுல பேசிக்கிட்டது காதுல விழுந்தது. திரும்பவும் காய்ச்சல் வந்துடுச்சு."

என்னால் உட்கார முடியவில்லை.

"இப்பவே மேடைக்குப் போய் அம்மாகிட்ட சொல்றேன்."

மாமா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"சும்மா கிட மாப்ளே! நான் கஷ்டப்பட்டு வாங்கின ஃபெயில். நீ பாட்டுக்குப் பாஸ் போட்டுடாதே."