அத்தையின் சிங்காரம்

“இந்துமதி, அங்க பாரேன். கல்யாணப் பொண்ணு மேடையில இருக்காளா, வாசல்ல இருக்காளா?”

ஆங்கிலப் பேராசிரியை விஜிலா கண்ணைக் காட்டினாள்.

மணப்பாடு தேவாலய மண்டபத்து வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தாள் மணப்பெண்ணின் அத்தை ஜெபசுதா. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஜிகினா வைத்த ஆரஞ்சுப் பட்டு, கழுத்து நிறைய ஆரம், முழங்கை வரை வளையல்.

மணப்பெண் ஈவாஞ்சலின் விஜிலாவின் மாணவி. அதற்காகத்தான் சக ஆசிரியை இந்துமதியையும் இழுத்துக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

“இதுக்கு இங்கிலீஷ்ல ஒரு வினைச்சொல் உண்டு. ‘பிடைஸன்’. கன்னாபின்னான்னு அலங்கரிக்கிறது.”

“கேள்விப்பட்டதே இல்லையே!”

“நூல் நூற்க ஒரு கோல் வச்சிருப்பாங்க. அதுல நாரைச் சுத்தி வைக்கிறதுக்குப் பேர்தான் முதல்ல ‘டைஸன்’.”

“அது வேலையில்லா? அலங்காரம் எங்க வந்துச்சு?”

“அது பின்னால வந்த கேலி. கோலே தெரியாம நார் சுத்துன மாதிரி... இந்தா, கோல் நடந்து வருது பாரு!”

வகுப்பறைக் குரல் அது. நாலு வரிசையும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. விஜிலாவும் அடக்க முடியாமல் சத்தமாகச் சிரித்தாள்.

ஜெபசுதா நேராக அவளிடம்தான் வந்தாள். காதில் விழுந்திருக்கிறது. விஜிலாவுக்கு முகம் சுட்டது.

“ஸாரிம்மா... தப்பா நினைக்காதீங்க.”

“அட, நீங்க வேற டீச்சர்! எல்லாம் கவரிங்.” பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள். “அண்ணன் ஆஸ்பத்திரியில கெடந்தப்போ புள்ளைக்குச் சேத்த நகையெல்லாம் போயிட்டு. இதையாவது போட்டுக்கோன்னு கெஞ்சினேன். ‘பொய் நகையோட பீடத்துக்கு முன்னால நிக்க மாட்டேன் அத்தை’ன்னுட்டா. மாப்பிள்ளைக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஆனா ஊரு பாக்கும்லா? அதான் நான் மாட்டிக்கிட்டேன்.”

விஜிலா மேடையைப் பார்த்தாள். ஈவாஞ்சலின் கழுத்தில் தாலி மட்டும்தான் கிடந்தது. அதுவரை அது அவள் கண்ணில் படவே இல்லை.

தலை தானாகக் குனிந்தது.

“இப்பதான் ரெண்டு பேரு அவ கழுத்தைக் காட்டிக் குசுகுசுன்னு பேச ஆரம்பிச்சாவ. நல்லவேளை, நீங்க சத்தமாச் சிரிச்சிய. அத்தனை பேரும் எம்பக்கம் திரும்பிட்டாவ. ரொம்ப நன்றி டீச்சர்.”