ஒரே ஒரு வேளை

லண்டனில் வளர்ந்த சாய்மா, தான் பிறந்த காஞ்சிபுரத்துக்கு விவரம் தெரிந்தபின் முதல்முறையாக வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை அவளுக்கும் அத்தை மகன் மொஹசினுக்கும் நிக்காஹ். அவன்தான் அவளைப் பிள்ளையார்பாளையத்தில் சம்பூர்ணத்தின் வீட்டுக்கு அழைத்து வந்தான்.

"மொதல்ல உங்களப் பாக்கணும்னு டாடி சொன்னாரு. நான் பொறந்தப்ப அம்மிக்குக் காய்ச்சலாம். நீங்கதான் பால் குடுத்தீங்களாமே?"

"ஆமாம்மா. என் பொண்ணு சுகாசினி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். நாப்பது நாள்!" என்று சம்பூர்ணம் அவள் கன்னத்தைத் தடவினாள்.

மொஹசின் சிரித்தான். "எனக்கு ஒரு காபியாவது உண்டாம்மா?"

"உனக்கு மட்டும் காபியாடா? நீயும் என்கிட்ட பால் குடிச்சவன்தான். உங்கம்மா ஆபரேஷனுக்குப் போயிருந்தப்ப, கைக்குழந்தை நீ கத்திக்கினே இருந்த. ஒரே ஒரு வேளை குடுத்தேன். உங்கம்மாவுக்கே தெரியாது."

மொஹசினின் சிரிப்பு நின்றது. சாய்மா எழுந்துவிட்டாள்.

"ஏம்மா, தப்பா எதனா சொல்லிட்டனா?"

"ஒருத்தங்ககிட்ட பால் குடிச்ச புள்ளைங்க, எங்க மார்க்கத்துல அண்ணன் தங்கச்சிம்மா. ஒரு வேளை குடிச்சாலும் அப்படித்தான். நிக்காஹ் செய்யக் கூடாது" என்றான் மொஹசின்.

சம்பூர்ணம் பதறிப்போனாள். "ஐயோ, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்பா. நீங்களும் மறந்துடுங்க."

மொஹசின் முடியாது என்று தலையாட்டினான். பிறகு போனை எடுத்தான்.

"அம்மி, பத்திரிகை குடுக்கறத நிறுத்துங்க. வந்து சொல்றேன்... சாய்மாவா? இங்கதான் இருக்கா." அவன் அவள் பக்கம் திரும்பினான். "தங்கச்சிய நான் பத்திரமா கூட்டிக்கினு வர்றேன்."