பங்களாக் கதவு

“சாக்கைத் தூக்கு. கதவு உள்ளேதான் இருக்குன்னு எனக்குத் தெரியும்” என்றான் பிரஜின்.

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், ஒரு வீட்டு வாசலில் கதவு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோணிச் சாக்கு தொங்கியது. படியில் உட்கார்ந்திருந்த மாடம்மாள் எழுந்திருக்காமலே அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்தாள். மறு கை மடியிலிருந்த துணிமூட்டையை விடவில்லை.

“தாராளமாப் பாருங்க சாரே. மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்.”

மடியில் மூட்டையை வைத்துக்கொண்டே இப்படிச் சொல்வதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

பிரஜின் தேயிலைக் கம்பெனியின் புது அதிகாரி. திருவனந்தபுரம் ஆரியசாலையில் மொத்தக்கடை வைத்திருக்கும் வீட்டுப் பையன். விதுரைக்கு மேலே மலையில் இப்படி ஒரு குளிர் இருப்பதே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அவனுக்குத் தெரியும்.

எஸ்டேட்டின் உச்சியில் மேனேஜர் பங்களா வருஷக்கணக்காக ஆளில்லாமல் கிடக்கிறது. எப்போதாவது எட்டிப் பார்க்கும் வாட்ச்மேன் விபின் போன வாரம் போன் செய்தான். “வேலப்பன் ஆசாரி பங்களாக் கதவு, ஜன்னல் எல்லாத்தையும் கழத்தி முத்தத்துல அடுக்கி வச்சிருக்காரு சாரே. பக்கத்துல மாடம்மா நிக்கா.” செய்தி கேட்டு கம்பெனி ஜீப் கிளம்ப ஒரு வாரம் ஆனது. கம்பெனியின் அவசரம் அவ்வளவுதான்.

அத்தனையும் ஆஞ்சிலி மரம். பங்களா கட்டிய துரை, சாத்தினால் ஊசிக்காற்றுகூட நுழையாதபடி இழைத்து இழைத்துச் செய்ய வைத்திருந்தார். லயத்துக்கு ஏதோ ஒரு பலகையை அடித்துவிட்டுப் போனார். துரைக்கு மட்டும்தான் குளிரும் என்று அந்தக் காலத்தில் ஒரு கணக்கு. லயத்துப் பலகைகள் எப்போதோ உளுத்து விழுந்துவிட்டன.

கழற்றிய கதவை லயத்துக்காரர்கள் வேறு எங்கே கொண்டுபோவார்கள்? பங்களாவுக்கு ஏறி இறங்குவதற்குள் ஒளித்துவிடுவார்கள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று பிரஜின் நேராக இங்கே வந்துவிட்டான்.

உள்ளே கதவு இல்லை. ஒரு கிழிந்த பாயும் கால் ஒடிந்த ஸ்டூலும் கிடந்தன. ஜன்னல் ஓட்டையில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் காற்றில் படபடத்தது. பக்கத்து வீடுகளிலும் நுழைந்து பார்த்தான். அங்கேயும் இதே கதைதான். ஆட்களைக்கூடக் காணோம்.

திரும்பி வந்தபோது அவனுக்குப் பற்கள் தந்தியடித்தன. அவன் போட்டிருந்தது ஆரியசாலை வெயிலுக்கான சட்டை. திருடியைப் பிடிக்க வந்தவன் திருடியிடமே கேட்டுவிட்டான்.

“ஒரு கட்டன் சாயா கிட்டுமா?”

“இங்க அடுப்பு மூட்டியே நாலு நாளாச்சு சாரே.”

அரிசிக்கு வழியில்லை போலிருக்கிறது என்று நினைத்தான். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் வேலை நடக்குமா?

“மூட்டையை அவிழு.”

அவிழ்த்தாள். பழைய துணி, ஒரு சாமி படம், மகள் ஆர்ஷாவின் பாடப்புத்தகங்கள்.

“ஓடிப்போகலாம்னு பார்த்தியா?”

“ஓடுறதுக்கு நான் என்ன தப்புப் பண்ணேன்?” மாடம்மாளின் குரல் உயரவில்லை, கண் மட்டும் அவனை விட்டு நகரவில்லை. “என் மகளுக்கு ரெண்டு தடவை நிமோனியா வந்துட்டு. இன்னொரு தடவை வந்தா பிள்ளை தாங்காது, காத்து புகாத வீட்டுல வச்சுப் பாருன்னு டாக்டர் சொல்லி அனுப்பினாரு. உங்க ஆபீஸ் படியேறிக் கெஞ்சினேன். ஒரு கதவு, ஒரு ஜன்னல். அடுத்த சீசன்ல பாக்கலாம்னீங்க. உங்க சீசன் வரவரைக்கும் நிமோனியா காத்துக்கிட்டு நிக்குமா சாரே?”

“அதுக்குக் கம்பெனி சொத்தைத் தொடலாமா?”

“ஆளில்லாத பங்களாவுக்குக் குளிருமா?”

பிரஜினுக்குச் சுருக்கென்றது. பதில் கிடைக்காத அதிகாரிகள் எல்லோரும் செய்வதை அவனும் செய்தான். மிரட்டினான்.

“ஸ்டேஷனுக்கு விளிச்சுச் சொல்லப் போறேன். நாளைக்கே உங்க எல்லாரையும் இந்த லயத்தை விட்டுக் காலி பண்ண வைப்பேன், கேட்டியா?”

“பண்ணிக்கோங்க” என்றாள் மாடம்மாள்.

இப்படி ஒரு பதிலை அவன் எதிர்பார்க்கவில்லை. “கடைசியாக் கேக்கறேன். கதவு எங்கே?”

“முதல்ல இந்த நிலையைத் தொட்டுப் பாருங்க.”

தொட்டான். கரையான் அரித்த வாசல்நிலை விரலோடு பொடிப்பொடியாக உதிர்ந்தது.

“இதுல எந்தக் கதவு நிக்கும்? ஆசாரியும் அதைத்தான் சொன்னாரு. நல்ல கதவுக்கு நல்ல நிலை வேணும், நல்ல சுவர் வேணுமாம்.”

“பின்னே எதுக்குப் பங்களாக் கதவைக் கழத்தினீங்க?”

“மழையில ஊதிப்போய்ச் சாத்தவே முடியாமக் கிடந்துச்சு. இழைச்சு அதே இடத்துல மாட்டியாச்சு. இப்ப ஒத்த விரலால தள்ளினாப் போதும், சும்மா பொருந்துது.”

பிரஜின் முழித்தான். “கம்பெனிக் கதவை நீங்க எதுக்கு நன்னாக்கணும்?”

மாடம்மாள் அப்போதுதான் எழுந்து நின்றாள்.

“கதவை இங்க கொண்டு வந்தாத்தானே சாரே களவு? நாங்க வீட்டை அங்க கொண்டு போயிட்டோம்.”