விட்டுப்போன கேள்வி

ஓய்வுபெற்ற நீதிபதிக்குத் தெருவில் தலைகாட்டவே கூச்சமாக இருந்தது. கூண்டில் நின்றவனிடம் "நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்காமலே தண்டித்துவிட்டார் என்று, அவர் கொடுத்த கடைசித் தீர்ப்பை மேல்கோர்ட் ரத்து செய்துவிட்டது.

"திருட்டுப்பயகிட்ட கேட்டு என்ன ஆகப்போகுது?" என்று மனைவியிடம் பொருமிவிட்டு, மறுவிசாரணையன்று கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

புது நீதிபதி கேட்டார். "கடையில திருட்டுப்போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீ எங்கப்பா இருந்தே?"

"ஒரு வீட்ல தண்ணி மோட்டார் ரிப்பேர் பாத்துட்டிருந்தேங்க."

"அதை அப்பவே சொல்றதுக்கென்ன?"

"வாயத் தொறந்தேங்க. பேசாதேன்னுட்டாங்க."

"அந்த வீட்டுக்காரர் சாட்சி சொல்வாரா?"

"அவரு பேப்பர்லேருந்து தலையத் தூக்கவே இல்லைங்க." கூண்டில் நின்றவன் கடைசி பெஞ்சைப் பார்த்தான். "ஐயா, மோட்டார் இப்ப நல்லா ஓடுதுங்களா?"

அன்று நிமிராத தலை இன்றும் நிமிரவில்லை.